தரகர் சகின்பாய் கம்ப்யூட்டர் வாங்கிய கதை

என் வீட்டுக்காரர் சகின்பாய் எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் தரகர். விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தோள்பட்டை கழன்றுவிடுமோ என்று பயப்படும் அளவுக்குக் குலுக்கி, இருவரையும் ஒரு விலைக்குக் கொண்டுவருவதுதான் அவர் பிழைப்பு. இந்தப் பக்கம் நிற்பவன் பொய் சொல்வான், அந்தப் பக்கம் நிற்பவன் அதைவிடப் பெரிதாகச் சொல்வான். இரண்டுக்கும் நடுவில் நின்று நின்றே மனுஷனுக்குச் சந்தேகம் ரத்தத்தில் ஊறிவிட்டது. நான் ஊற்றும் சூப்பில் கறித்துண்டு ஒன்று குறைந்தால் முதலில் பூனையைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்.

எங்களுக்கு ஒரே மகன், தீலெக். கொரியாவில் கப்பலுக்கு இரும்புத் தகடு வளைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அப்பாவும் மகனும் போனில் பேசுவதைக் கேட்டால் தந்தி அடித்துக்கொள்கிறார்களோ என்று தோன்றும்.

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்ப்பா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்."

அவ்வளவுதான். ஆனால் இதே இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் டாங்கிச் சண்டை விளையாட உட்கார்ந்தால் வாய் மூடாது. இவர் இங்கே எங்கள் வீட்டு மூலையில், அவன் அங்கே கொரியாவில், இருவரும் காதில் மைக் வைத்த ஹெட்போன் மாட்டிக்கொள்வார்கள். திரையில் ஓர் இடிந்த சுவருக்குப் பின்னால் இரண்டு டாங்கிகளும் பதுங்கும். எதிரி வரும்வரை பேச்சுதான். மேஸ்திரி திட்டியது, அறையில் கூட இருப்பவன் காலுறையைத் துவைக்காதது, கடைக்காரப் பெண் ஒருத்தி சிரித்தது, நம்மூர்ப் பனி ஞாபகம் வந்து தூக்கம் வராதது, எல்லாம் அங்கேதான் வெளியே வரும். நான் இவரை விரட்டி ஸ்பீக்கரில் போடச்சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து காரட் நறுக்கிக்கொண்டே கேட்பேன். குண்டு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவில்தான் என் பிள்ளை மனதைத் திறப்பான். பெற்றவளுக்கு வேறென்ன வேண்டும்?

வசந்த காலத்தில் அந்த விளையாட்டைப் புதுப்பித்தார்கள். எங்கள் கம்ப்யூட்டர் ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட கிழடு. புது விளையாட்டை அதில் திறந்தால் டாங்கி நகராமல் புகைப்படம் போல நின்றது. அதோடு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு போயிற்று. மிஞ்சியது போன்தான், அந்தத் தந்திப் பேச்சுதான்.

அதிலும் முன்பெல்லாம் எனக்கு முகம் காட்டிப் பேசுவான். இப்போது குரல் மட்டும்.

"வீடியோ போடுடா, மூஞ்சியப் பாக்கணும்."

"நெட்டு சரியில்லம்மா."

கொரியாவில் நெட்டு சரியில்லையாம். அங்கே போய்வந்தவர்கள் எல்லோரும் கக்கூஸில்கூட நெட் கிடைக்கும் என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். என் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கவில்லையாம்.

"அவன் எதையோ மறைக்கறாங்க," என்றேன் இவரிடம்.

"நல்லா இருக்கேன்னு அவன் வாயாலயே சொல்றான். பெத்த புள்ளயச் சந்தேகப்படறியே பைபிச்சே, நீயெல்லாம் ஒரு தாயா?" பெண்டாட்டியை எங்கள் பக்கம் 'பைபிச்சே' என்பார்கள்.

யார் பேசுகிறார் பாருங்கள்! எனக்கு வந்த கோபத்துக்கு அன்று நூடுல்ஸில் உப்பே போடவில்லை.

எனக்கு ஒன்று தெரிந்தது. அவன் பேச வேண்டுமானால் அந்த இடிந்த சுவருக்குப் பின்னால்தான் பேசுவான். அதனால் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியே ஆக வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். இவருக்கும் ஆசைதான். கொழுத்துக்கொண்டிருந்த காளை ஒன்றை விற்றார். மகனைக் கேட்டதற்கு, "கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் பாதிப் பணம் போகணும்ப்பா, மத்ததுல மிச்சம் புடிங்க. ஆனா ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வாங்குங்க," என்றான். அந்த 'மெதுவா'வை நான் மறக்கவில்லை.

தலைநகர் பிஷ்கெக் போனோம். கம்ப்யூட்டர் சாமான் கடைகளாகவே நிறைந்த கட்டடம் ஒன்று. அதில் கோஸ்த்யா என்ற ரஷ்யப் பையனுடைய கடைக்குள் நுழைந்தோம். இவர் ஆட்டுத்தோல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கையைப் பின்னால் கட்டி, சந்தைக்குள் நடப்பது போலவே ஒரு சுற்று வந்தார்.

"என்ன பைகே, கேமிங்குக்கா? எவ்வளவுக்குள்ள?" என்றான் கோஸ்த்யா, பெரியவர்களைக் கூப்பிடும் எங்கள் வார்த்தையிலேயே.

"விலையெல்லாம் நான் சொல்றேன். நீ சரக்கக் காட்டு."

அவன் முதலில் காட்டியது ஒரு கேபினெட். கண்ணாடிக் கதவு, உள்ளே சிவப்பும் நீலமும் பச்சையுமாக மாறி மாறி எரியும் விளக்குகள். கல்யாண மண்டபம் கெட்டது போங்கள்.

"இவ்ளோ விளக்கு எதுக்கு?"

"அழகுக்குத்தான் பைகே. எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க."

"நான் கிழட்டுக் குதிரையத்தான் குஞ்சம் கட்டிச் சந்தைக்குக் கொண்டுவருவேன். விளக்கில்லாதது இருந்தா எடு."

அப்புறம் மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி. மலிவான ஒன்றைக் கையில் கொடுத்தான். இவர் உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கினார். கனமாக இருந்தது. எனக்குத் திருப்தி. இவருக்கு முகம் சுருங்கியது. காதருகே வைத்து ஆட்டினார்.

"இது ஏன் ஒரு பக்கமா கனக்குது?"

"நல்ல சாமான்னா கனமாத்தான் இருக்கும் பைகே."

"எடை போடறதுக்கு முன்னாடி ஆட்டுக்கு உப்பு நக்க வெச்சு, வயிறு முட்டத் தண்ணி காட்டறவன நான் நெறைய பாத்திருக்கேன். தொற."

கோஸ்த்யா சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கடைசியில் பையன் திருப்புளியை எடுத்தான். மூடியைத் திறந்தால் ஒரு மூலையில் சிமெண்ட் கட்டி ஒட்டியிருந்தது. கோஸ்த்யாவின் வாய் பிளந்தது. எனக்கென்னவோ அவனுக்கும் தெரியாது என்றுதான் பட்டது. இவரிடம் அதைச் சொல்ல முடியுமா? அதற்கப்புறம் அவன் தும்மினால்கூட இவர் திரும்பிப் பார்த்தார்.

இப்படியே ஒவ்வொன்றாக நடந்தது. பிராசசரின் அடியில் இருக்கும் சின்னச் சின்னக் கம்பிகளைப் பல் பிடித்துப் பார்ப்பது போலக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். மதர்போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மெமரிக்கும் டிஸ்குக்கும் கோஸ்த்யா சொன்ன விலையைக் கேட்டு, அவன் கையைப் பிடித்துக் குலுக்கத் தொடங்கினார். நடுவில் நின்று குலுக்கத் தரகர் இல்லாததால் தானே தரகராகவும் தானே வாங்குகிறவராகவும் இருந்தார். பையன் "கை, பைகே, கை!" என்று கத்திக்கொண்டே விலையைக் குறைத்தான். வயசுக்கு மரியாதை கொடுத்தானோ, எலும்புக்குப் பயந்தானோ.

கிராபிக்ஸ் கார்டில்தான் வண்டி நின்றது. புதிது எங்களுக்கு எட்டாது. பழையது வாங்கலாம், ஆனால் பழையதில் பாதி, கொட்டகைகளில் வரிசையாக அடுக்கி இரவும் பகலும் டிஜிட்டல் நாணயம் தோண்ட ஓடவிட்ட கார்டுகள். அந்தத் தொழில் படுத்ததும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கோஸ்த்யா ஒன்றை எடுத்து வைத்தான். பளபளவென்று இருந்தது. இவர் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"சோப்பு வாசன வருது."

"சுத்தமா வெச்சிருக்கோம் பைகே."

"குளிப்பாட்டியிருக்க. பாரம் இழுத்துத் தோள் செத்த குதிரையையும் நாங்க குளிப்பாட்டித்தான் கொண்டுவருவோம்."

மற்ற சாமான்களை அவனிடமே விட்டுவிட்டு, கார்டை வேறு இடத்தில் தேடினோம். பக்கத்துப் பேட்டையில் ஒரு பெண் விற்பதாக நெட்டில் விளம்பரம் போட்டிருந்தாள். பெயர் பெர்மெத். கல்யாண வீடியோக்களைச் சேர்த்து வெட்டி ஒட்டித் தருகிறவள். கணவன் ரஷ்யாவில் வேலை பார்க்கிறான், குழந்தையோடு அங்கே போகப் போகிறாள், அதனால் விற்கிறாள் என்று சொன்னாள். இடுப்பில் குழந்தை. வீட்டில் கட்டிய பெட்டிகள்.

அவள் தன் கம்ப்யூட்டரில் கார்டை ஓடவிட்டே காட்டினாள். இவர் உட்கார்ந்து, குதிரையின் நெஞ்சில் காது வைப்பது போல விசிறிப் பக்கம் காது வைத்தார். சூடு ஏறுகிறதா என்று புறங்கையால் தொட்டார். கழற்றச்சொல்லி முகர்ந்தார். திருகுகளின் தலை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒரு குறையும் இல்லை. குறை இல்லை என்றதும் இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இவ்ளோ நல்லா வெச்சிருக்க. பின்ன ஏம்மா இந்த வெலைக்குக் குடுக்கற?"

"சீக்கிரம் கெளம்பணும் பைகே. டீ குடிங்க."

மேசையில் ரொட்டியும் ஜாமும் வைத்தாள். இவர் கையை நீட்டவில்லை. விலை பேசி முடிந்தது, பணத்தை எடுக்கக் கை பைக்குள் போய்விட்டது. அப்போது அந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள். கார்டோடு சேர்ந்திருந்த, அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் குட்டி வயரைக் கழற்றினாள். சுருட்டினாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது கையில் வயர் இல்லை.

"வயர்?"

"அது வேண்டாமே பைகே. புதுசா வாங்கிக்கோங்க. சல்லிசாத்தான் கெடைக்கும்."

"கார்டோட வந்த வயர்தானே? குடுக்கறதுக்கு என்ன?"

"அது… சும்மா. என்கிட்டயே இருக்கட்டும்."

முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. கண்ணைப் பார்க்கவில்லை. இவர் எழுந்துவிட்டார். பணத்தை உள்ளே தள்ளி, தொப்பியை அழுத்தி, ரொட்டியில் வாய் வைக்காமலே வெளியே நடந்தார். வீட்டுக்கு வந்தவர்கள் ஒரு விள்ளலாவது வாயில் போடாமல் கிளம்புவது முகத்தில் அறைவதற்குச் சமம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தப் பெண் வாசலில் குழந்தையோடு நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குப் போகும் வேனில் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"பாத்தியா? ஒரு வயரக்கூட விடமாட்டேங்கறா. அதோட பிளக்கு கருகிப்போயிருக்கும். அத நான் பாத்துடக் கூடாதுன்னுதான் ஒளிச்சு வெச்சுட்டா. நான்தான் தப்பிச்சேன்."

எனக்கு ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் அந்த வயரைக் கொண்டுபோய் வைத்த இடத்தைக் கதவிடுக்கில் நான் பார்த்திருந்தேன். அலமாரி இல்லை, குப்பைக்கூடை இல்லை. மாவு மூட்டைக்குள். வயரை யாராவது மாவுக்குள் வைப்பார்களா?

வைப்பார்கள். எனக்குப் பொறி தட்டியது.

"ஏங்க, போன வருசம் நம்ம செவலக் குதிரைய வித்தீங்களே, தலைக்கயித்தக் குடுத்தீங்களா?"

"அதெப்படிக் குடுப்பாங்க? பைத்தியமா நீ? வீட்டு ராசியே அதோட போயிடும்ல."

"கயித்தக் கழட்டி எங்க வெச்சீங்க?"

"மாவு…"

அத்தோடு நிறுத்திவிட்டார். வேன் இரண்டு நிறுத்தம் தாண்டியது. என் வீட்டுக்காரரின் காது மடல் மெல்லச் சிவந்து வருவதை நான் பக்கத்திலிருந்து ரசித்தேன். பொய் சொல்வானேன், ரசித்தேன்தான். எத்தனை ஆயிரம் மாட்டுக்குக் கயிற்றைக் கழற்றி விற்றவனிடம் கொடுத்த மனுஷன்! படித்த பட்டணத்துப் பெண், கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவள், ராசி போய்விடும் என்று பயப்படுவதை வெட்கத்தில் வெளியே சொல்லமாட்டாமல் நின்றிருக்கிறாள். அந்த வெட்கத்தை இவர் திருட்டு முழி என்று நினைத்துவிட்டார்.

"வண்டிய நிறுத்துப்பா!" என்று கத்தினார்.

திரும்பிப் போனால் இப்போது பெர்மெத்தின் முறை. கதவைச் சங்கிலி போட்டுத்தான் திறந்தாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"கார்ட வாங்கிக்கறேன்மா. வயர் வேண்டாம்."

"அப்ப வேணாம்னுட்டுப் போனீங்க. அதுக்குள்ள என்ன ஆச்சு? யாராவது அனுப்பினாங்களா?"

"யாரும் அனுப்பல. நானும் மாடு விக்கறவன்தான்மா. கயிறு உன்கிட்டயே இருக்கட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். சங்கிலியை எடுத்தாள், ஆனால் இவர் கொடுத்த நோட்டை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், நடுவில் ஒன்றை நகத்தால் சுரண்டியும் பார்த்தாள். இவர் பொறுத்துக்கொண்டு நின்றார். தன்னை ஒருத்தி அப்படிப் பார்ப்பது அவருக்குப் புதுசு. எனக்குக் குளுகுளுவென்றிருந்தது. எல்லாம் முடிந்ததும் அவரே மேசைக்குப் போய் ரொட்டியைப் பிய்த்து, ஜாமில் தோய்த்துச் சாப்பிட்டார்.

"இந்தக் கார்டு உங்க கையில நல்லா ஓடட்டும் பைகே," என்றாள் அந்தப் பெண். அப்போதுதான் சிரித்தாள்.

கோஸ்த்யா எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தான். இவர் அவனுடைய இரண்டு கையிலிருந்தும் கண்ணை எடுக்கவில்லை, அது வேறு கதை. கம்ப்யூட்டர் வீடு வந்து சேர்ந்தது. விளக்கில்லாத கறுப்புப் பெட்டி. மகனுக்குச் சொன்னதும், "அதுக்குள்ள வாங்கிட்டீங்களா?" என்றான். சந்தோஷமான குரல் இல்லை அது. இவர் காதில் அது விழவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தோம். நான் சொல்லாமலே ஸ்பீக்கரில் போட்டார். டாங்கிகள் வந்தன. புகை, இலை, தூசி எல்லாம் நிஜம் போலத் தெரிந்தது. அதே இடிந்த சுவர்.

"அப்பா!"

அந்த ஒரு வார்த்தையில் என் பிள்ளை திரும்பி வந்துவிட்டான். நான் கத்தியைக் கீழே வைத்தேன். இவர் பவர் சப்ளையில் சிமெண்ட் இருந்த கதையைச் சொன்னார், பெர்மெத் கதையைச் சொன்னார். தான் வேனை நிறுத்தியதை மட்டும் கொஞ்சம் வீரமாகச் சொன்னார். தீலெக் விழுந்து விழுந்து சிரித்தான். எதிரி டாங்கிகள் வந்தன, சண்டை நடந்தது. தீலெக்கின் டாங்கி வெடித்தது. அடுத்த ஆட்டத்திலும் வெடித்தது.

மூன்றாவது ஆட்டத்தில் இவர் பேச்சை நிறுத்திவிட்டார். தன் டாங்கியை ஓரமாக நிறுத்திவிட்டு மகனுடைய டாங்கியையே பார்க்கத் தொடங்கினார். சந்தையில் ஒரு மாட்டை நடத்திக் காட்டும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"தீலெக்."

"ம்?"

"உன் டாங்கி நொண்டுது."

"பழக்கம் விட்டுப்போச்சுப்பா. ரொம்ப நாளாச்சுல்ல."

"பழக்கம் விட்டவன் எடம் தெரியாமச் சுடுவான். நீ எதிரிய எனக்கு முன்னாடியே பாத்துடற. உன் பீரங்கிதான் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வருது. எந்தக் கை?"

திரையில் அவன் டாங்கி நின்றுவிட்டது.

"வலது," என்றான். "ரெண்டு வெரல்."

"ரெண்டு வெரல்ல என்ன?"

"ரெண்டு வெரல் இல்லப்பா. தகடு வளைக்கற மெஷின்ல போயிடுச்சு. பனி உருகற சமயத்துல. இப்ப ஆறிடுச்சு. மவுஸ இடது கையால புடிச்சுப் பழகறேன், அதான் இப்படி. நீங்க கம்ப்யூட்டர் வாங்கறதுக்குள்ள தேறிடுவேன்னு நெனச்சேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"அம்மா கேட்டுட்டுத்தான்டா இருக்கேன்," என்றேன்.

அவன் அழுதான். போனில் அழவில்லை, இங்கே அழுதான். எனக்கு அந்தத் தொழிற்சாலை மேல் கோபம், அவன் மேல் கோபம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்த மனுஷன் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். ஆட்டுக்கு உப்பு வைத்தவனைக் கண்டுபிடித்தார், கழுவின கார்டைக் கண்டுபிடித்தார். 'நல்லா இருக்கேன்ப்பா' என்று வாரா வாரம் வந்த அந்த ஒன்றை மட்டும் அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். திட்டலாம் என்று திரும்பினேன்.

அதற்குள் அவர் மவுஸை எடுத்து, வயரை விசைப்பலகைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து, இடது பக்கம் வைத்தார். இடது கையால் பிடித்தார். டாங்கி குடித்தவன் போலச் சுற்றி, நேராகப் போய்ச் சுவரில் முட்டி நின்றது. அப்புறம் டமால் என்று ஒரு சத்தம்.

"அப்பா! என்னையே சுடறீங்க! என்ன பண்றீங்க?"

"இடது கையில புடிச்சிருக்கேன்டா. நானும் பழகறேன். நீ சொல்லிக் குடு."

அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "மொதல்ல வெரல மாத்தி வைங்கப்பா," என்றான் தீலெக், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நடு வெரலால இல்ல."

அன்று இருட்டும்வரை இரண்டு பேரும் ஓர் ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை.